சீதன வீடும் லண்டன் கவுன்சிலும்

"ஊர்ல அம்மாட பேர்ல கிடக்கிற தென்னங்காணிக்காக லண்டன்ல கெயாருக்குக் கூடக் காசு கட்ட வேணுமா?"

அக்கா வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இவ்வளவுதான். அக்கா என்றால் பெரியம்மாவின் மூத்த மகள், லண்டனில் இருக்கிறார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதென்றால் "ஓம், வேண்டி வரலாம்." ஆனால் அந்த ஓமுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. நம்முடைய ஆட்கள் வெளிநாட்டில் வயதாகிக்கொண்டு வருகிற காலம் இது. பலருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெரியம்மா அம்பாறைக் கரையில் உள்ள எங்கள் ஊர் திருக்கோவிலில் பிறந்து, திருக்கோவிலிலேயே கலியாணம் முடித்தவர். பெரியப்பாதான் தம்பிலுவிலில் இருந்து இங்கே வந்தார். எண்பது தாண்டிய பெரியம்மா இப்போது பிரித்தானியப் பிரஜை. போன மாரியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேசனுக்கு ஒரு சதமும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, எழும்பி நடக்கப் பழக்க ஆட்கள் வந்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் பயிற்சி ஆறு கிழமை வரைக்கும் இலவசம். அது முடிந்து, காலையில் கழுவித் துடைத்து உடுப்பு மாற்ற ஒருவர், பின்னேரம் ஒருவர் என்று நிரந்தரமாக வரத் தொடங்கிய போதுதான் கவுன்சிலில் இருந்து படிவம் வந்தது. வங்கிக் கணக்கு, பென்சன், சேமிப்பு, காணி, வீடு எல்லாவற்றையும் கேட்கிற படிவம்.

அக்காவுக்கு ஆத்திரம். "ஆஸ்பத்திரியில சும்மா பார்த்தாங்க, வீட்டில பார்க்கிறதுக்கு மட்டும் காசா?" என்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு விடை 1948 ஜூலை 5இல் இருக்கிறது. அன்றைக்குத்தான் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதே நாளில் தேசிய உதவிச் சட்டம் என்ற இன்னொன்றும் நடைமுறைக்கு வந்தது. வைத்தியம் இலவசம் என்றது முதலாவது. முதியோருக்குத் தங்குமிடமும் பராமரிப்பும் கொடுக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கொடுத்து, வசதிக்கேற்ப காசு வாங்கச் சொன்னது இரண்டாவது. அப்போது வாரப் பென்சன் 26 ஷில்லிங். அதில் 21 ஷில்லிங்கை முதியோர் இல்லம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 5 ஷில்லிங் கைச்செலவுக்கு. இன்றைக்கும் அதே கணக்குத்தான், தொகைதான் மாறியிருக்கிறது. கவுன்சில் காசில் முதியோர் இல்லத்தில் இருப்பவரின் கையில் வாரத்துக்கு 30 பவுணுக்குச் சற்று மேலே விட்டுவைப்பார்கள்.

இந்தப் பிரிவினையின் அபத்தம் ஞாபகமறதி நோயில்தான் நன்றாகத் தெரியும். புற்றுநோய்க்குச் சிகிச்சை அரசாங்கச் செலவு. மூளை மங்கிப்போய், சோறு ஊட்ட ஆள் வேண்டும் என்ற நிலைக்கு வந்தால் அநேகமாக அது 'பராமரிப்பு'. பில் வீட்டுக்கு வரும்.

இனிக் கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் விதி இது. கையிருப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பில் கைவைக்க மாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். நடுவில் இருந்தால், 14,250க்கு மேலே உள்ள ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் வருகிறது என்று அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். பெரியம்மாவிடம் 18,000 பவுண் இருக்கிறது என்று வைப்போம். 14,250ஐக் கழித்தால் 3,750. அதை 250ஆல் பிரித்தால் 15. ஆகவே வாரம் 15 பவுண் கூடுதல் வருமானம் என்று எழுதிக்கொள்வார்கள். எந்த வங்கி இந்த வட்டி தருகிறது என்று கேட்கக்கூடாது. இதில் இன்னொன்று, இந்த இரண்டு எல்லைகளும் 2010க்குப் பிறகு அசையவேயில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அப்படியென்றால் வருடாவருடம் கூடக் கூட ஆட்கள் காசு கட்டுகிறவர்களாகிறார்கள் என்றுதான் பொருள்.

வீட்டில் இருந்தபடி பராமரிப்புப் பெற்றால் நீங்கள் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதியோர் இல்லத்துக்கு நிரந்தரமாகப் போனால் எடுப்பார்கள். முதல் 12 கிழமை விட்டுவைப்பார்கள். கணவனோ மனைவியோ, அறுபது தாண்டிய உறவினரோ அந்த வீட்டில் இருந்தால் தொடமாட்டார்கள். யாரும் இல்லாவிட்டால் வீடு கணக்கில் வரும். வாரம் ஆயிரம் பவுண் என்பது அங்கே முதியோர் இல்லத்துக்குச் சாதாரணமான கட்டணம். உடனே விற்க விருப்பமில்லை என்றால் வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்து, கவுன்சிலிடம் கடன்படலாம். ஆள் போன பிறகு வீடு விற்றோ வேறு வழியிலோ வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும்.

அக்காவுக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: செலவை எழுதுங்கள். நோயினால் கூடுதலாக வரும் செலவைக் கழித்துத்தான் கட்டணம் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் படுக்கை விரிப்புத் தோய்க்கும் கரண்டுக் காசு, டயப்பர், நாள் முழுக்க எரியும் ஹீற்றர், எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக் கேட்கலாம். ஆடி மாதத்திலும் பெரியம்மாவுக்குக் குளிர்தான். திருக்கோவில் வெயிலில் எழுபது வருடம் காய்ந்த உடம்பு, அதற்கு லண்டன் கோடை ஒரு பொருட்டா? ஊரில் இருந்து வரும் முழங்கால் தைலத்தையும் எழுதலாமா என்று அக்கா கேட்டார். எழுதிப் பாருங்கள் என்றேன். அதைத் தீர்மானிப்பது அந்தந்தக் கவுன்சில்.

அதுதான் அங்கே இன்னொரு வேடிக்கை, இடத்துக்கு இடம் மாறும். ஸ்கொட்லாந்தில் 65 தாண்டியவர்களுக்குக் கழுவித் துடைத்து ஊட்டும் பராமரிப்பு 2002இல் இருந்து இலவசம். 2019இல் அதற்குக் கீழே உள்ள வயதினருக்கும் கொடுத்தார்கள். வேல்ஸில் வீட்டுப் பராமரிப்புக்கு வாரத்துக்கு 100 பவுணுக்கு மேல் வாங்க முடியாது. லண்டனுக்குள்ளேயே ஹமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் 2015இல் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை ரத்துச் செய்தது. பக்கத்துக் கவுன்சில்கள் தொடர்ந்து வாங்குகின்றன. தெருவின் இந்தப் பக்கம் இலவசம், அந்தப் பக்கம் பில்.

திருத்தவில்லையா என்று கேட்டால், திருத்துவதாகச் சொல்லிச் சொல்லியே காலம் போகிறது. ஒரு மனிதர் வாழ்நாளில் கட்டும் பராமரிப்புக் காசுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று 2011இல் டில்னொட் ஆணைக்குழு சொன்னது. 2014இல் சட்டத்திலும் எழுதினார்கள், 2016இல் தொடங்கும் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். 2021இல் பொரிஸ் ஜோன்சன் 86,000 பவுண் என்று ஒரு வரம்பு அறிவித்தார். 2023 ஒக்டோபர் என்றார்கள், பிறகு 2025 ஒக்டோபர் என்றார்கள். 2024 ஜூலையில் புதிய அரசாங்கம் வந்து, காசில்லை என்று முழுவதையும் கைவிட்டது. நம்முடைய அரசியல்வாதிகள்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு ஆறுதல்.

இனித் தென்னங்காணி. வெளிநாட்டில் உள்ள சொத்தும் கணக்கில் வரும் என்று அவர்களுடைய வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது. விற்ற காசை அந்த நாட்டில் இருந்து கொண்டுவர முடியுமா என்பதைப் பொறுத்து மதிப்பீடு மாறும், அவ்வளவுதான். விநாயகபுரம் பக்கம் கிடக்கும் அந்தக் காணியில் வருடத்தில் விழும் தேங்காயை யார் பொறுக்குகிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அது பெரியம்மாவின் சொத்து. மறைத்து எழுதினால் பிறகு பிடிபட்டு, பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும். எழுதத்தான் வேண்டும்.

இதுவரைக்கும் சரி. சிக்கல் வந்தது கவுன்சில் அலுவலர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு. மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார். "உங்களுக்குச் சொந்தமாக வீடு ஏதாவது இருக்கிறதா, அல்லது முன்பு இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மனே இப்பிடிக் கேக்கிற? நான் ஒண்டும் இல்லாதவளா? மூத்தவளுக்கு வளவு குடுத்த நான். இளையவளுக்குக் கல்வீடு கட்டி உறுதி எழுதிக் குடுத்த நான்."

அலுவலர் குறித்துக்கொண்டார். சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். யாருக்கு, எப்போது, எதற்காக?

இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கு ஒரு விசாரணை இருக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே சொத்தைக் கைமாற்றியதாகக் கவுன்சில் நினைத்தால், அந்தச் சொத்து இன்னும் உங்களிடமே இருப்பதாகக் கருதிக் கணக்குப் போடலாம். மேலே சொன்ன 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி வாங்கினவரிடம் இருந்தே அறவிடலாம். ஏழு வருடம் கடந்தால் கேட்க மாட்டார்கள் என்று நம் ஆட்கள் மத்தியில் ஒரு கதை உலவுகிறது. அது மரணவரிக்கான விதி, இதற்குப் பொருந்தாது. இதில் வருடக் கணக்கு இல்லை. கொடுக்கும்போது உங்களுக்குப் பராமரிப்புத் தேவைப்படும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருந்ததா, கொடுத்ததன் நோக்கத்தில் அதற்கு முக்கிய இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

நாற்பது வயதில் திடகாத்திரமாக இருந்தபோது மகளின் கலியாணத்துக்கு எழுதிய சீதனம் என்று காட்டினால் போதும். அதற்காகத்தான் உறுதியின் பிரதி எடுக்க நான் கல்முனைக் காணிப் பதிவகத்துக்குப் போனேன். திருக்கோவிலில் பஸ் ஏறினால் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பெயர் மாறுமே தவிர, எல்லா ஊரிலும் பாதையோரத்தில் ஒரே காட்சி. அரைகுறையாக எழும்பி, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் கல்வீடுகள். அநேகமாக ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண்பிள்ளை இருக்கும்.

பதிவகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாய்ந்தமருது நானாவிடம் வந்த விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "பொம்புளப் புள்ளக்கி ஊடு கட்டாம இஞ்ச மாப்புள்ள எடுக்க ஏலுமா தம்பி? எனக்கு நாலு. மூணு ஊடு குடுத்தாச்சி. நாலாவது ஊட்டுலதான் நானும் அவளும் கெடக்கம். அதுவும் அவட பேருலதான்." அவருக்குச் சொந்தமாக இப்போது ஒன்றும் இல்லை. கவலையும் இல்லை.

இதுதான் நம்முடைய கரையின் ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலும் சீதனம் உண்டு, தென்னிலங்கையிலும் உண்டு. ஆனால் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு வரவழைத்து, தாய்தகப்பன் அந்த வளவிலோ அடுத்த வளவிலோ இருந்துகொண்டு, கடைசியில் இளைய மகளோடு ஒதுங்குகிற இந்த முறை மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அறுபதுகளின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்து, பல தசாப்தங்கள் ஆராய்ந்து எழுதியதில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

நான் சொல்ல வருவது என்னவென்றால், இந்தச் சீதன வீடு கலியாணச் செலவு மட்டுமல்ல. அது முதுமைக்கு முன்கூட்டியே கட்டுகிற கட்டணம். மகளுக்கு வீட்டைக் கொடுக்கிறீர்கள், முப்பது வருடம் கழித்து அந்த வீட்டின் விறாந்தையில் உங்களுக்கு ஒரு கட்டில் கிடைக்கிறது. கவுன்சிலும் கடைசியில் வீட்டைத்தான் எடுக்கிறது, ஆனால் பராமரித்த பிறகு, மணித்தியாலம் எண்ணி எடுக்கிறது. நாம் பராமரிப்புக்கு முன்பே, கணக்கில்லாமல், கொடுத்துவிடுகிறோம். ஆகவே பெரியம்மா பெருமையாகச் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அவர் தன் கட்டணத்தைக் கட்டி முடித்தவர். கட்டிய இடம் திருக்கோவில், பராமரிப்பு வந்த இடம் லண்டன் என்பதுதான் குழப்பம்.

கவுன்சில் அந்தச் சீதன உறுதியை ஏற்றுக்கொண்டது. காணியை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தில் கவுன்சிலை நான் மெச்சுகிறேன். அக்காவின் சம்பளத்தை அவர்கள் கேட்கவேயில்லை. பெரியம்மாவின் கணக்கை மட்டும்தான் பார்க்க முடியும், பிள்ளையின் காசில் கைவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம், வறிய தாய்தகப்பனைப் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1948இல் அந்தச் சட்டத்தோடு அந்தக் கடமையையும் தூக்கி எறிந்தார்கள். இலங்கையில் நாம் நேர்மாறாகப் போனோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று எழுதி, பராமரிப்புச் சபை ஒன்றில் பெற்றோர் முறையிடவும் வழி வைத்தது. சட்டம் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால், ஏற்கெனவே ஏதோ உடைந்திருக்கிறது.

உடைந்தது எங்கே என்று நம் ஊரிலேயே பார்க்கலாம். வீட்டை வாங்கிய மகள் குவைத்திலோ சவூதியிலோ இன்னொருவரின் வயதான தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தாய் இங்கே பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார். அந்தத் தாய் விழுந்தால் யார் பார்ப்பது? சுனாமி இன்னொரு அடி. 2004இல் கரையோர வீடுகள் போயின. கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் தடை போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். புதிய வீடுகள் கொடுத்தபோது பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் எழுதினார்கள். போன வீடு மனைவியின் சீதனம், வந்த வீடு கணவனின் பெயரில். பெண்ணுக்கு வீடு, அந்த வீட்டில் தாய்க்குக் கட்டில் என்ற சங்கிலியை அலுவலகப் படிவத்தின் ஒரு வரி அறுத்துவிட்டது. கொடுத்தவர்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை பார்க்காவிட்டால் உறுதியைத் திருப்ப முடியுமா? முடியும், ஆனால் நீதிமன்றம் போக வேண்டும். 'மீளப்பெற முடியாதது' என்று எழுதிய நன்கொடையைக் கொடிய நன்றிகேட்டின் பேரில் ரத்துச் செய்வதற்கென்றே 2017இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எழுபது வயதுத் தாய், பெற்ற மகள் நன்றி கெட்டவள் என்று நீதிபதியின் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை தாய்மார் அந்தப் படியேறுவார்கள்?

அரசாங்கத்தின் பங்கு என்ன என்றால், வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவை 5,000 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் விழுந்து கிடக்கும் ஒருவரைப் பார்க்க ஆள் வைக்க அது காணாது. டயப்பருக்கே காணாது. 2012 கணக்கெடுப்பிலேயே நாட்டில் எட்டுப் பேரில் ஒருவர் அறுபது தாண்டியவர், இப்போது இன்னும் கூடியிருக்கும். பிரதேச சபை சோலைவரி வாங்குகிறது, குப்பை அள்ளுகிறது, தெருவிளக்குப் போடுகிறது. படுக்கையில் கிடக்கும் கிழவியைக் கழுவ ஆள் அனுப்பும் வேலை அதனிடம் இல்லை. கட்டணம் வாங்குவதா இல்லையா என்ற சண்டைக்கே நாம் இன்னும் வரவில்லை, சேவையே இல்லை. இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு 2016இல் இருந்து இந்தப் பராமரிப்புக்கென்றே கவுன்சில் வரியில் தனியாகக் கூட்டி வாங்க அனுமதி இருக்கிறது. எங்கள் சபையும் சோலைவரியில் கொஞ்சம் கூட்டி, ஊருக்கு நாலு பயிற்றப்பட்ட பெண்களைச் சைக்கிளில் வீடுவீடாக அனுப்பினால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன். குவைத்துக்குப் போகிற பிள்ளைகளில் நாலு பேருக்கு ஊரிலேயே சம்பளமும் கிடைக்கும்.

அதுவரைக்கும் உறுதி எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். வீடு மகளுக்கு, சாகும்வரை இருக்கும் உரிமை தாய்தகப்பனுக்கு என்ற ஒரு வாசகம். பிரதி எடுக்கப் போன அன்றைக்கு எனக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரைச் சந்தித்தேன். இப்போது மாப்பிள்ளை வீட்டார் உறுதி வரைவைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு, அந்த வாசகத்தை வெட்டச் சொல்கிறார்களாம், அது இருந்தால் வங்கியில் வீட்டை வைத்துக் கடன் எடுக்க முடியாது என்று. "பெத்தவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "வெட்டுங்க ஐயா, கலியாணம் நடக்கட்டும் எண்டுதான் சொல்லுவாங்க" என்றார்.